அப்பா அம்மாவோடு பெரிய ஹோட்டலில் சாப்பாடு: போகும் முன் ஒரு போன் செய்யுங்கள்

கேள்வி: அப்பா பணி ஓய்வு பெற்றிருக்கிறார். அவரையும் அம்மாவையும் சென்னையில் ஒரு நட்சத்திர ஹோட்டலுக்குள் இருக்கும் இந்திய உணவகத்துக்கு அழைத்துப் போக ஆசை. இருவரும் சைவம். அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. ஸ்பூன், முள்கரண்டியெல்லாம் பழக்கமில்லை. பில் எவ்வளவு வருமோ என்றும் பயமாக இருக்கிறது. சர்வீஸ் சார்ஜ் கட்டியே ஆகவேண்டுமா?

பதில்: கட்ட வேண்டியதில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது: பில்லில் சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அப்படியும் பில்லில் வந்துவிட்டால், "சர்வீஸ் சார்ஜை எடுத்துவிட்டு வேறு பில் கொடுங்கள்" என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. பரிமாறியவரின் கவனிப்பு பிடித்திருந்தால், உங்களுக்குத் தோன்றும் தொகையை அவர் கையிலேயே கொடுங்கள்.

வரி வேறு விஷயம், அதைக் கட்டித்தான் ஆகவேண்டும். தெருவில் தனியாக இருக்கும் உணவகத்தில் சாப்பாட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அறை வாடகை நாளுக்கு 7,500 ரூபாயைத் தாண்டும் ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகம் என்றால் 18. மெனுவில் 6,000 ரூபாய்க்குச் சாப்பிட்டால் முதல் இடத்தில் 6,300, இரண்டாவதில் 7,080. பலர் மெனு விலையை மட்டும் கூட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள், அதிர்ச்சி அங்கேதான் வருகிறது.

தண்ணீரிலும் கவனம் வேண்டும். உட்கார்ந்ததும் "ஸ்டில்லா, ஸ்பார்க்ளிங்கா?" என்று கேட்பார்கள். ஸ்டில் என்றால் வெறும் தண்ணீர், ஸ்பார்க்ளிங் என்றால் சோடா மாதிரி வாயு ஏற்றியது; இரண்டுமே காசுக்கு வரும் பாட்டில்தான். "ரெகுலர் வாட்டர் போதும்", அதாவது பாட்டிலில் வராத சாதாரணக் குடிநீர், என்பது மூன்றாவது பதில், அதைத் தயங்காமல் சொல்லலாம். பாட்டிலை வாங்கிவிட்டு எம்.ஆர்.பி.யைக் காட்டிச் சண்டை போட முடியாது. உட்கார வைத்துப் பரிமாறும் இடத்தில் கூடுதலாக வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-லேயே சொல்லிவிட்டது.

இனி அப்பாவின் சர்க்கரை. உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது இதுதான். இத்தகைய இடங்களில் ஆர்டர் கொடுத்து முதல் தட்டு வர இருபது, இருபத்தைந்து நிமிடம் ஆகலாம். சாப்பாட்டுக்கு முன் போடும் மாத்திரையோ இன்சுலினோ இருந்தால், வீட்டிலேயே போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டாம். இப்படித் தாமதமாகும் நாளில் எப்போது போடுவது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். டேஸ்டிங் மெனு உங்களுக்குச் சரிப்படாது என்பேன். அது ஏழெட்டுச் சின்னத் தட்டுகளாக, இரண்டு மூன்று மணி நேரம் நீளும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கும் அ லா கார்ட் மெனுவில் வேண்டியதை மட்டும் சொல்லுங்கள். முடிந்தால் மதிய வேளையைத் தேர்ந்தெடுங்கள்.

இதையெல்லாம் மேஜையில் உட்கார்ந்து பேசாதீர்கள். இடம் பதிவு செய்ய போன் செய்யும்போதே கேட்டுவிடுங்கள். இருவர் சைவம், கிரேவியில், சூப்பில் இறைச்சி வேகவைத்த நீர் சேருமா? காரம், உப்பு குறைக்க முடியுமா? ஜி.எஸ்.டி. எத்தனை சதவீதம்? சர்வீஸ் சார்ஜ் போடுவீர்களா? நல்ல உணவகம் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காது, குறித்துக்கொள்ளும்.

உட்கார்ந்த சற்று நேரத்தில், கேட்காமலே உள்ளங்கை அளவுத் தட்டில் ஒரு வாய்க்கு மட்டும் ஏதாவது கொண்டுவந்து வைக்கலாம். "நாங்க இதைச் சொல்லலையே" என்று பெரியவர்கள் பதறித் தட்டைத் தள்ளிவைப்பதைப் பார்த்திருக்கிறேன். அது பெரும்பாலும் சமையலறையின் உபசாரம், காசு கிடையாது. அப்பா அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவையுங்கள். ஆர்டர் எடுக்க வரும் கேப்டன் வாயால் சொல்லும் "இன்றைய ஸ்பெஷல்" அப்படியல்ல. அதற்கு விலை கேட்டுவிட்டுத் தலையாட்டுங்கள்.

கையால் சாப்பிடக் கூச்சமே வேண்டாம். டெல்லி ஐ.டி.சி. மௌரியாவில் இருக்கும் புகாரா உணவகம் உலகத் தலைவர்கள் பலர் சாப்பிட்ட இடம். அங்கே மேஜையில் ஸ்பூன், முள்கரண்டி வைப்பதே வழக்கமில்லை. மடியில் சிந்தாமலிருக்க ஏப்ரன் கட்டிவிடுவார்கள், ரொட்டியைக் கையால் பிய்த்துப் பருப்பைத் தொட்டுத்தான் சாப்பிட வேண்டும். ரொட்டியும் சாதமும் கைக்கென்றே பிறந்தவை. அப்புறம் கைகழுவ வெந்நீர்க் கிண்ணத்தில் எலுமிச்சைத் துண்டு மிதக்க வரும், அதைக் குடித்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அப்பாவின் கைக்கு மெனு போகும் தருணம். வலப்பக்கத்து எண்களைப் பார்த்தாரென்றால் "எனக்கு ஒரு சூப் போதும்" என்பார். சில உணவகங்களில் விருந்தினருக்கென்று விலை அச்சிடாத மெனு வைத்திருக்கிறார்கள், போனிலேயே கேளுங்கள். இல்லையென்றால் அவருக்குப் பிடித்ததை நீங்களே சொல்லிவிடுங்கள். பில்லை மேஜைக்குக் கொண்டுவர வேண்டாம் என்று கேப்டனிடம் முன்பே சொல்லி, இனிப்பு வரும் நேரத்தில் கைகழுவப் போகிற மாதிரி எழுந்துபோய், கவுன்டரில் நிதானமாக வரிவரியாகப் பார்த்துப் பணத்தைக் கட்டிவிட்டு வாருங்கள்.