எலும்புக்கு எடுத்த போன் ஸ்கேன்ல "ஹாட் ஸ்பாட்"னு போட்டிருக்கு, எலும்புல கேன்சர் பரவிடுச்சா டாக்டர்?

ரிப்போர்ட்ட வரிக்கு வரி டைப் பண்ணி அனுப்பியிருக்கீங்க, நெட்ல படிச்சதையும் சேர்த்து எழுதியிருக்கீங்க. எனக்கு பெருசா படுறது நீங்க கடைசியில போற போக்குல சொன்னதுதான். "ஒரு வாரமா அம்மாவுக்கு நடக்கறப்ப செருப்பு கழண்டு போறதே தெரியல, வயசாகுதுல்ல."

வயசெல்லாம் இல்லம்மா. 4 வருஷம் முன்னாடி மார்பக கேன்சருக்கு ஆபரேஷன், கீமோ முடிச்சவங்க, ரெண்டு மாசமா நடு முதுகுல வலி, படுத்தா கூடுது, ராத்திரி தூக்கமில்ல, இப்ப காலும் சொன்ன பேச்சு கேக்கல. இன்னைக்கே கூட்டிட்டு போங்க. அடுத்த வாரம் அப்பாயின்ட்மென்ட் இருக்குன்னு காத்திருக்க வேணாம், முழு முதுகெலும்புக்கும் எம்ஆர்ஐ எடுக்கணும். இடுப்புக்கு மட்டும் எடுத்தா போதும்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க, இந்த மாதிரி அழுத்தம் அதிகமா வர்றது நெஞ்சுக்கு பின்னாடி இருக்கற முதுகெலும்புலதான், உங்க அம்மாவுக்கு டி8ல, அதாவது நெஞ்சுப் பகுதி முதுகெலும்புல எட்டாவது எலும்புல, ஸ்கேன் காட்டறதும் அங்கதான்.

கட்டி வளர்ந்தோ எலும்பு நொறுங்கியோ உள்ள ஓடுற தண்டுவடத்த அழுத்துனா பெரும்பாலும் மொதல்ல வலி, அப்புறம் கால் தளரும், மரத்துப்போகும், கடைசியில யூரின் வராம அடைச்சுக்கும். நடந்துட்டு இருக்கறப்பவே ட்ரீட்மென்ட் ஆரம்பிச்சவங்க முக்கால்வாசி பேர் தொடர்ந்து நடக்கறாங்க, கால் முழுசா விழுந்து ரெண்டு மூணு நாள் ஆயிட்டா திரும்ப எழுப்பறது ரொம்ப கஷ்டம். இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் அவசரப்படுத்தறேன்.

இப்ப ரிப்போர்ட்டுக்கு வருவோம். போன் ஸ்கேன்ல போடற டெக்னீசியம் மருந்து எலும்பு எங்க வேகமா புதுசா கட்டிக்கிட்டு இருக்கோ அங்க போய் ஒட்டிக்கும், படத்துல கறுப்பா தெரியற அந்த இடம்தான் ஹாட் ஸ்பாட், அவ்வளவுதான், அது கேன்சர நேரா காட்டாது. தெருவுல எங்க குழி தோண்டியிருக்குன்னு காட்டும், தோண்டினது குடிநீர் வாரியமா கரன்ட்காரங்களான்னு சொல்லாது. அதனால ரெண்டு முட்டியும் தோளும் கறுப்பா இருக்கறது தேய்மானமா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், தாடையில இருக்கறது அந்த சொத்தைப் பல்லா இருக்கும், விலா எலும்புல ஒத்த புள்ளி போன வருஷம் பாத்ரூம்ல விழுந்ததோட மிச்சமா இருக்கலாம். இதையெல்லாம் கூகிள்ல போட்டு "ஸ்டேஜ் 4, எத்தன மாசம்"னு தேடிட்டு அழுதிருக்கீங்க. எனக்கு கோவம்தான் வருது.

டி8 மட்டும் எனக்கும் பிடிக்கல. எக்ஸ்ரே நார்மல்னு லோக்கல் டாக்டர் சொன்னத நம்பி விட்டுட முடியாது, எலும்புல சத்து 30ல இருந்து 50 சதவீதம் வரைக்கும் அரிச்சுப் போனாத்தான் எக்ஸ்ரேல தெரியவே ஆரம்பிக்கும். ஸ்கேன் எலும்ப காட்டும், நரம்பு நசுங்குதான்னு காட்டாது, அதுக்குத்தான் எம்ஆர்ஐ. "பெட் சிடி எடுத்துடலாமா"ன்னு கேக்கறீங்க, அது உடம்பு முழுக்க கேன்சர தேடற ஸ்கேன், தேவைப்பட்டா அப்புறம் எடுப்பாங்க, இப்ப அதுக்கு ஓடாதீங்க.

நீங்க உண்மையில பயப்படறது வேற, அம்மா நம்மள விட்டு போயிடுவாங்களோன்னு. பரவியிருந்தா கூட எலும்போட மட்டும் நிக்கற மார்பக கேன்சர்ல ஹார்மோன் மாத்திரை, ரேடியேஷன், எலும்ப பலப்படுத்தற ஊசின்னு வெச்சு வருஷக்கணக்குல நல்லா இருக்கறவங்கள நான் பாத்துட்டு இருக்கேன். அந்த இடத்துல ஒரு சின்ன துண்டு எடுத்து பயாப்சி பாத்து, ஹார்மோன் ரிசெப்டார் இப்ப எப்படி இருக்கு, அதாவது கட்டி ஹார்மோன் மாத்திரைக்கு கட்டுப்படுமான்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் அதெல்லாம் முடிவு பண்ணுவாங்க. அந்த ஊசிக்கு முன்னாடி சொத்தைப் பல்ல மறக்காம டென்டிஸ்ட் கிட்ட காட்டிடுங்க, அப்புறம் பல்ல புடுங்கினா தாடை எலும்பு ஆறாம போகலாம்.

பேரன் பாட்டி மடியில உக்காரலாமான்னு கேட்டிருக்கீங்க, தாராளமா உக்காரட்டும். ஸ்கேனுக்கு போட்ட டெக்னீசியம் மருந்தோட கதிர்வீச்சு 6 மணி நேரத்துக்கு ஒரு தடவ பாதியாகும், நீங்க ஸ்கேன் எடுத்தே பத்து நாள் ஆச்சு.

டாக்டர் சீட்டு இல்லாம மெடிக்கல்ல கேட்டு வாங்கிப் போடற "செட்" மாத்திரைய இனிமே நீங்களா வாங்காதீங்க, அத எப்படி நிறுத்தறது, வேற என்ன மாத்திரைன்னு இன்னைக்கே ஆஸ்பத்திரியில கேளுங்க. அதுல என்ன ஸ்டீராய்டு இருக்குன்னு உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது, வலிய அமுக்கி வெச்சு ரெண்டு மாசத்த தின்னுடுச்சு. மிச்சம் இருக்கற அட்டைய கையோட எடுத்துட்டு போய் டாக்டர்கிட்ட காட்டுங்க. தைலம் தேய்ச்சு முதுக மிதிக்கறவர்கிட்ட திரும்பவும் போகவே கூடாது, அரிச்ச எலும்பு அப்படியே உடைஞ்சுடும்.

பஸ், டூவீலர் வேணாம், காரோ ஆம்புலன்ஸோ வெச்சு மல்லாக்க படுக்க வெச்சு கூட்டிட்டு போங்க. பக்கத்துல இருக்கற மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரின்னா நேரா கேஷுவாலிட்டிக்கு போயி, முதுகு வலின்னு மட்டும் சொன்னா ஓபிக்கு திருப்பி விட்டுடுவாங்க, அதனால "கேன்சர் பேஷண்ட், கால் பலம் குறையுது"ன்னு முதல் வாக்கியமா சொல்லுங்க, கடைசியா யூரின் எப்ப போனாங்கன்னும் சொல்லுங்க. பழைய பயாப்சி ரிப்போர்ட், இந்த ஸ்கேன் படம், காப்பீட்டு அட்டை மூணையும் எடுத்துக்கங்க.