அமெரிக்காவில் ஆசிரியர் ஓய்வூதியம் எடுக்கும் அக்காவுக்கு அத்தானின் பணமும் கிடைக்குமா?

கல்லடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: டெக்சாஸில் அரச பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற அக்காவுக்கு, மறைந்த அத்தானின் சோஷல் செக்யூரிட்டியும் (வேலை செய்த காலத்தில் கட்டிய பணத்துக்கு அமெரிக்க அரசு தரும் ஓய்வூதியம்) கிடைக்குமா என்று.

கிடைக்கும், இப்போது வெட்டில்லாமல். முன்பு, சோஷல் செக்யூரிட்டிக்குப் பணம் கட்டாத அரச வேலையின் ஓய்வூதியத்தில் மூன்றில் இரண்டு பங்கை, துணைவருக்கான பணத்திலிருந்து கழித்தார்கள். ஓய்வூதியம் 1,200 டொலர் என்றால் 800 போய்விடும். கணவர் வழியில் 1,000 வரவேண்டியவருக்கு 200தான் மிச்சம். சிலருக்கு ஒரு சதமும் வரவில்லை. துணையை இழந்தவர்களுக்கு அது பெரிய அநியாயம்.

2025 ஜனவரி 5இல் கையெழுத்தான சட்டம் அதை நீக்கியது. 2024 ஜனவரி மாதப் பணத்திலிருந்தே அந்த வெட்டு இல்லை. சரி, "ஒன்றும் வராது" என்று அக்கா அன்று விண்ணப்பிக்காமல் விட்டிருந்தால் தானாக வராது. சுணங்காமல் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அவருக்குச் சொந்த சோஷல் செக்யூரிட்டியும் இருந்தால், இரண்டில் கூடிய தொகைதான் கிடைக்கும்.