டை பெனிட்ரன்ட் டெஸ்ட்ல (செவப்பு டையை ஊற வச்சு கிராக் தேடுற சோதனை) கிளியர்னு வந்த எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) டேங்க் வெல்ட்ல கொஞ்ச நாள்லயே கிராக் தெரியுது, டெஸ்ட்ல ஏன் மாட்டல?

புதுசா விட்ட கிராக்காவும் இருக்கலாம். ஆனா நான் மொதல்ல கேக்குறது, டெஸ்டுக்கு முன்னாடி அந்த வெல்டை என்ன பண்ணீங்கன்னுதான். கிரைண்டர்ல ஃபிளாப் டிஸ்க், அதான் உப்புத்தாள் வட்டு, போட்டு பளபளன்னு தேய்ச்சிருந்தா அங்கயே பாதி வேலை கெட்டுப்போச்சு.

நான் திருச்சிக்காரன், இப்ப தென்னாப்பிரிக்கா டர்பன்ல என்டிடி வேலை, அதாவது பொருளை உடைக்காம சோதிக்கிறது. இந்தப் பக்கம் சர்க்கரை ஆலைங்க வருஷ ஆரம்பத்துல நிறுத்தி ரிப்பேர் பார்ப்பாங்க, ஏப்ரல் வாக்குல கரும்பு அரைக்க ஆரம்பிச்சுடணும், அந்த அவசரத்துல ஃபிட்டர் நல்ல மனசோடதான் தேய்ச்சு வச்சிருப்பாரு. எஸ்எஸ், அலுமினியம் மாதிரி இழுபடுற மெட்டல்ல தேய்க்கும்போது மேல் தோல் இழுத்து கிராக்கோட வாயை மூடிடும். செவப்பு டை தானா உள்ள ஊறிப் போகணும்னா வாய் திறந்திருக்கணும், இல்லனா கடைசியா மேல அடிக்கிற வெள்ளைப் பவுடர், அதான் டெவலப்பர், எதை வெளிய இழுக்கும்? ஷாட் பிளாஸ்ட் பண்ணாலும் இதே கதைதான். அப்படி ஆயிருந்தா ஆசிட் எட்ச் பண்ணி, அதாவது ஆசிட்டால மேல் தோலை லேசா அரிச்சு, வாயைத் திறந்து, கழுவி, நல்லா காய விட்டுதான் டை அடிக்கணும்.

அடுத்தது, டை ஊறினப்புறம் மேல மிஞ்சினதைத் துடைக்கிறது. என்கூட வேலை பார்க்குற, இங்க டர்பன் சாட்ஸ்வொர்த் ஏரியாத் தம்பி "அண்ணா, கிளீனரை நேரா அடிச்சா சட்டுனு போயிடுமே"ம்பான். போயிடும், கிராக்குக்குள்ள இருக்குற டையும் சேர்ந்து போயிடும்! காய்ஞ்ச துணியால துடைச்சுட்டு, கடைசியா பஞ்சு விடாத துணியில கிளீனரை நனைச்சு லேசா துடைங்க, அது போதும்.

சூடும் பாருங்க, சாதாரண டைக்கு மெட்டல் ஏறக்குறைய 5-லேர்ந்து 52 டிகிரிக்குள்ள இருக்கணும். ஜனவரி கோடை வெயில்ல இங்க பிளேட்ல கை வைக்க முடியாது, டை ஊறுறதுக்குள்ளயே காய்ஞ்சுடும், நான் முதல் நாளே தார்பாய் கட்டச் சொல்லிடுவேன்.

டெவலப்பரை மெலிசா அடிச்சதும் நகராம பாருங்க, மொதல்ல ரோஸ் கலர்ல லேசா தெரியும், அப்புறம் மயிரிழை மாதிரி செவப்புக் கோடு, விட்டா அகலமா பரவி எது எங்க ஆரம்பிச்சுதுன்னே தெரியாது. பத்து நிமிஷம் கழிச்சு திரும்ப ஒரு தடவை பாருங்க. 1989-ல அமெரிக்காவுல சூ சிட்டியில விழுந்த டிசி-10 விமானத்தோட ஃபேன் டிஸ்க் கிராக், அதுக்கு முந்தின பெனிட்ரன்ட் டெஸ்ட்ல மாட்டாம போனது, நூறு பேருக்கு மேல செத்தாங்க. அதனால அவசரப்படுத்துறவங்ககிட்ட நான் சண்டையே போடுவேன்.

இப்ப உங்க டேங்க்ல தெரியுற அந்தக் கிராக்கைத் தோண்டி எடுக்கும்போது, பள்ளத்தை எட்ச் பண்ணி திரும்ப டை டெஸ்ட் போட்டு, கிராக் நுனி முழுசா போயிடுச்சான்னு பார்த்து, மிச்ச டையையும் சுத்தமா கழுவிட்டு அப்புறம் வெல்ட் அடிங்க. எஸ்எஸ்க்குன்னே குளோரின், சல்ஃபர் கம்மியா இருக்குற டை செட் வரும், அதையே வாங்குங்க.