அத்தை காதுக்குப் போன செய்தி

அன்புள்ள அக்கா,

என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். டியூஷன் முடிந்து எட்டரைக்கு வருவான். என்ன கேட்டாலும் "ஒண்ணுமில்லம்மா" என்று அறைக்குள் போய்விடுகிறான். தீபாவளி சமயத்தில் தானாகவே வந்து, நெருங்கிய நண்பன் தன்னோடு பேசுவதில்லை என்று சொன்னான். மனசு கேட்காமல் அதை என் நாத்தனாரிடம் சொன்னேன். அவர் அவனிடமே "என்னடா, சண்டையாமே?" என்று கேட்டுவிட்டார். அதிலிருந்து பேச்சே இல்லை. அவன் தூங்கும்போது போனை எடுத்துப் பார்க்கலாமா?

க., திருச்சி

அன்புள்ள க.,

பார்க்காதீர்கள். அவன் வாயை மூடிக்கொண்ட காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

16 வயதில் கூட்டாளிகள் ஒதுக்கிவைப்பதைவிடப் பெரிய அவமானம் இல்லை. அதைத் தானாக வந்து சொன்னான் என்றால் உங்களை எவ்வளவு நம்பியிருக்க வேண்டும்! அதே செய்தி அத்தை வாயிலிருந்து திரும்பி வந்ததும், அம்மாவிடம் சொன்னால் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொன்ன மாதிரி என்று முடிவுகட்டிவிட்டான். நம் வீடுகளில் பிள்ளைகளின் மார்க்கும் முகப்பருவும் காதலும் சாயங்கால போன் பேச்சில் தாராளமாகப் புழங்குகின்றன. பாசத்தில்தான் சொல்கிறோம். பிள்ளைக்கு அது காட்டிக்கொடுப்பதுதான்.

முதலில் அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள். "நீ சொன்னதை அத்தைகிட்ட சொன்னது தப்பு. இனிமே உன்னைக் கேக்காம யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்." இவ்வளவு போதும். "இருந்தாலும் நீ..." என்று இழுக்க வேண்டாம். அப்பாவிடம் சொல்வதாக இருந்தாலும் அவனைக் கேட்டுவிட்டே சொல்லுங்கள். உயிருக்கு ஆபத்தான விஷயத்தை மட்டும் மறைக்க மாட்டேன் என்பதையும் அப்போதே தெளிவாக்கிவிடுங்கள்.

எட்டரை மணிக்கு வாசலில் வைத்து விசாரிக்காதீர்கள், சாப்பாடு போடுங்கள். பருவ வயதில், தூக்கத்தை வரவைக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரக்கும் நேரம் தள்ளிப்போகிறது. நமக்குக் கண் சொருகும்போதுதான் அவர்களுக்குப் பேச்சு வரும். பத்தரைக்குத் தண்ணீர் குடிக்க அடுக்களைக்கு வந்து, போகாமல் நின்றான் என்றால் நீங்களும் படுக்கப் போகாதீர்கள். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வரும்போதும் சொல்வான்; முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா? சொன்னால் "அப்புறம்?" என்று மட்டும் கேளுங்கள். அவன் கேட்காத யோசனை எதுவும் வேண்டாம், நண்பனின் அம்மாவுக்குப் போன் போடுவதும் வேண்டாம்.

தூக்கமும் சாப்பாடும் கெட்டு, இரண்டு வாரம் கடந்தும் சரியாகவில்லை என்றால் 14416 எண்ணை அழையுங்கள். டெலிமானஸ் என்ற பெயரில் 2022 முதல் நடக்கும் அரசின் இலவச மனநலச் சேவை, தமிழிலேயே பேசலாம். அவன் பேச மறுத்தால் நீங்களே அழைத்து என்ன செய்வதென்று கேட்கலாம்.