இரண்டே முக்கால் சென்ட்

அன்புள்ள ஐயா,

சேலம் நாலாபுறமும் சைட்டுகளாகச் சிதறிக்கொண்டிருக்கிறது, வெளியே பரவுவதைக் குறைத்து உள்ளே இருக்கும் இடத்தை நெருக்கமாகப் பயன்படுத்த வேண்டும் என்று சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது.

நான் பிறந்தது அம்மாப்பேட்டையில். பன்னிரண்டு அடி அகலம், அறுபது அடி நீளம், ஓட்டு வீடு. முன்னறை முழுக்க அப்பாவின் தறி. மீதி இடத்தில் ஏழு பேர். பக்கத்து வீட்டில் மிளகாய் தாளித்தால் எங்கள் வீட்டில் தும்முவோம். பாட்டிக்கு மூச்சுத்திணறல் வந்த இரவில் ஆம்புலன்ஸ் தெருமுனையோடு நின்றுவிட்டது. நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினோம். என்னிடம் வந்து நெருக்கம் நல்லது என்கிறீர்கள்.

அயோத்தியாப்பட்டணம் தாண்டி, மெயின் ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே முப்பதுக்கு நாற்பது சைட் ஒன்று பார்த்திருக்கிறேன். டிடிசிபி, அதாவது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அப்ரூவல் இருக்கிறது. மனைவியின் நகையை வைத்து அட்வான்ஸ் கொடுக்கப் போகிறேன். அங்கே காற்று வரும். வண்டியை வாசலில் நிறுத்தலாம், ஒரு முருங்கை வைக்கலாம். இதில் என்ன தப்பு? உங்களுக்கு அஸ்தம்பட்டி பக்கம் சொந்த வீடு இருக்கிறது. வீடு இருப்பவர்கள் இல்லாதவர்களைப் பார்த்துப் 'பரவாதே' என்பது நியாயமா? கடைசியில் எல்லாரும் சென்னைக்காரர்கள் மாதிரி ஃபிளாட்டில் அடைய வேண்டும் என்பதுதான் உங்கள் யோசனையா?

எம்., அம்மாப்பேட்டை

அன்புள்ள எம்.,

கோபப்பட உங்களுக்கு உரிமை உண்டு. நீங்கள் நினைப்பதைவிடக் கூடுதலாகவே உண்டு, ஏனென்றால் எனக்கு வீடு மட்டுமல்ல, ஒரு சைட்டும் இருக்கிறது.

1996-இல் வாங்கினேன், ஓமலூர் ரோட்டுப் பக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் வைத்து அழைத்துப் போனார்கள். ஷாமியானா, கேசரி, மதியம் சாப்பாடு. சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் பூங்கா என்று ஒரு சதுரம் பச்சையாக இருந்தது. அந்தப் பச்சைக்கு எதிரே இருக்கிற சைட் என்பதற்காகவே நூறு ரூபாய் கூட்டிக் கொடுத்து டோக்கன் போட்டேன். பத்து வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தால் பச்சைச் சதுரத்தில் நான்கு சைட்டுக்குக் கல் நட்டிருந்தார்கள். விற்றவரைத் தேடினேன், போன் நம்பரே மாறியிருந்தது. வெறும் பஞ்சாயத்து அப்ரூவலை நம்பி வாங்கிய இடம் அது. 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதியக்கூடாது என்று உயர் நீதிமன்றம் தடை விதித்ததும் என் இடமும் மாட்டிக்கொண்டது. மறு வருஷம் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. பணம் கட்டிச் சரி செய்தேன்.

மொத்தம் 62 சைட். இன்றுவரை வீடு வந்திருப்பது பதினொன்றில். மற்றதெல்லாம் சீமைக்கருவேலம். என் பங்குக் கருவேலத்தை வெட்டுவதற்கு வருஷா வருஷம் ஆள் விடுகிறேன். ஆகவே நான் கரையில் நின்று உபதேசம் செய்கிறவன் இல்லை, சிதறலில் எனக்கும் இரண்டே முக்கால் சென்ட் பங்கு இருக்கிறது.

அந்த இடத்தில் ஒரு தடவை கருவேல நிழலில் நின்று போட்ட கணக்கைச் சொல்கிறேன். முப்பது அடி முகப்பு உள்ள சைட். தெருவின் இரு பக்கமும் வீடு வந்துவிட்டால் ஒரு வீட்டுக்கு 15 அடி நீளத் தெரு ஆகிறது. குடிநீர்க் குழாய், சாக்கடை, விளக்குக் கம்பம், குப்பை வண்டி எல்லாம் அந்தப் பதினைந்து அடிக்குத்தான். 62 சைட்டுக்கு 930 அடி. அதில் பதினொரு வீடுதான் என்றால் வீட்டுக்கு ஏறக்குறைய 85 அடி. உங்கள் அம்மாப்பேட்டை வீட்டுக்கு எவ்வளவு தெரியுமா? பன்னிரண்டு அடி அகலம், எதிரெதிரே வீடுகள், ஆக ஆறடி. சேலம் குடிக்கும் தண்ணீர் மேட்டூரிலிருந்து பம்ப் செய்து வருகிறது. அத்தனை தூரம் வந்த தண்ணீரைக் கடைசியில் ஆறடி இழுக்கிறோமா, எண்பத்தைந்து அடி இழுக்கிறோமா என்பதில்தான் மாநகராட்சியின் பணம் கரைகிறது. எங்கள் பதினொரு வீட்டுக்காரர்களும் இன்னும் டேங்கர் லாரிக்குத்தான் போன் செய்கிறார்கள். அவர்கள் ஓட்டு எண்ணிக்கைக்கு அவ்வளவுதான் மரியாதை.

இனி உங்கள் முக்கியமான கேள்வி. அம்மாப்பேட்டையில் நீங்கள் பட்டது நெரிசல். நான் கேட்பது நெருக்கம். வார்த்தை விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள், இரண்டையும் தனித்தனியாக அளக்க முடியும். ஒரு ஏக்கரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது நெருக்கம். ஓர் அறையில் எத்தனை பேர் என்பது நெரிசல். சேலம் மாநகராட்சியின் பரப்பு சுமார் 91 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் மக்கள் 8.3 லட்சம். சதுர கிலோமீட்டருக்கு 9,000 பேர் ஆகிறது. பாரிஸ் நகரத்துக்குள் அதே அளவு இடத்தில் 20,000 பேர் இருக்கிறார்கள். வானளாவிய கோபுரங்களில் அல்ல, பெரும்பாலும் ஆறேழு மாடிக் கட்டடங்களில், கீழே ரொட்டிக் கடை, மேலே வீடு. யாரும் அதை நெரிசல் என்று சொல்லி டிக்கெட் ரத்து செய்வதில்லை. ஏழு பேருக்கு ஒன்றரை அறை என்பதுதான் உங்கள் வீட்டின் கஷ்டம். உங்களுக்குத் தேவைப்பட்டது மேலே ஒரு மாடி, நடுவே வெளிச்சம் விழும் முற்றம், ஸ்ட்ரெச்சர் திரும்புகிற அளவுக்குத் தெருமுனை.

அதை ஏன் கட்ட முடியவில்லை? உங்களுக்கே தெரிந்திருக்கும், ஆனாலும் சொல்கிறேன், திட்டம் போடுகிறவர்கள் இந்த இடத்தைத்தான் தாண்டிப் போய்விடுகிறார்கள். 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்எஸ்ஐ 2. மனையின் பரப்பைப்போல இரண்டு மடங்கு கட்டலாம். உங்கள் 720 சதுர அடியில் காகிதத்தில் 1,440 வரும். நடைமுறையில் மாடிப்படி, சந்தின் அகலம், பக்கச் சுவர் எல்லாம் சேர்ந்து அதைத் தின்றுவிடும். பக்கத்து வீட்டையும் சேர்த்து 24 அடி அகலமாக்கினால் கதை மாறுகிறது. ஒரே மாடிப்படி, நடுவில் முற்றம், நான்கு குடும்பம், கீழே தறி. ஆனால் வழக்கமான கதை இதுதான்: பக்கத்து வீட்டில் மூன்று அண்ணன் தம்பிகள். ஒருவர் பெங்களூரில், ஒருவர் பேசுவதே இல்லை. பாகப்பிரிவினை வழக்கு நடக்கிறது. பிரிக்காத பாகத்துக்கு பேங்க் கடன் கிடைப்பது குதிரைக்கொம்பு. கட்டி முடிக்கும் வரை தறியை எங்கே போடுவது? குகை, செவ்வாய்பேட்டை, பொன்னம்மாபேட்டை என்று எந்தப் பழைய பேட்டைக்குப் போனாலும் பாழடைந்த ஒரு வீடு பூட்டிக் கிடக்கிறதே, அதில் பேய் இல்லை, வழக்குதான் இருக்கிறது. நகரத்தின் உள்ளே இருக்கிற காலி இடம் என்று நான் எழுதியது இதைத்தான். விளக்கமாகச் சொல்லாமல் விட்டது என் தப்பு.

நூறு வருஷத்துக்கு முன்னால் பேட்ரிக் கெட்டிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். அப்போதைய இன்ஜினீயர்களுக்கு நெரிசலான பேட்டை என்றால் நேர்கோட்டில் ஓர் அகல ரோடு போட்டு இடித்துத் தள்ளுவதுதான் வைத்தியம். கெட்டிஸ் தெருத் தெருவாக நடந்தார். இடிந்து கிடக்கும் வீட்டை மட்டும் எடுத்துவிட்டு அங்கே ஒரு மரமும் திறந்த இடமும் விடு, முட்டும் மூலையைக் கொஞ்சம் செதுக்கு, மற்றவர்களை அவரவர் வீட்டிலேயே இருக்க விடு என்றார். செலவும் குறைவு, யாரும் ஊரைவிட்டுப் போக வேண்டியதும் இல்லை. உங்கள் பாட்டிக்கு வேண்டியிருந்தது அந்த மூலைதான். சேலத்தில் இப்போதும் அப்படி நடந்து பார்க்கிற ஆள் வேண்டும். ஸ்மார்ட் சிட்டிப் பட்டியலில் 2016-இல் நம் ஊர் வந்தது, பழைய பஸ் ஸ்டாண்ட் ஈரடுக்காக எழுந்து நிற்கிறது. நல்லதுதான். ஆனால் அம்மாப்பேட்டைச் சந்துக்கு அது என்ன செய்தது?

ஃபிளாட் பற்றிக் கேட்டீர்கள். நெருக்கமான நகரம் என்றாலே ஃபிளாட் இல்லை. உங்கள் அப்பாவின் வீடே அதற்கு உதாரணம். வேலையும் வீடும் ஒரே கூரையின் கீழ். கடை, பள்ளி, கோயில் எல்லாம் நடக்கிற தூரத்தில். நகரமைப்பாளர்கள் வீட்டையும் தொழிலையும் வரைபடத்தில் வேறு வேறு நிறம் பூசிப் பிரித்துவிட்டு, பிறகு 'கலப்புப் பயன்பாடு' என்று அதையே புதுக் கண்டுபிடிப்பு மாதிரிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். செவ்வாய்பேட்டையில் வெள்ளிக் கொலுசைப் பற்றவைக்கிறவரிடம் போய்ச் சொன்னால் சிரிப்பார்.

சரி, ஊர் வளரத்தான் செய்யும். எல்லாரையும் பழைய பேட்டைக்குள் அடைக்க முடியாது. வெளியே போவதென்றால் எந்தப் பக்கம், எப்படி என்பது அடுத்த கேள்வி. ஜப்பானில் தொயாமா என்ற ஊர். அங்கே மக்கள் தொகை குறைந்து, கிழவர்கள் கார் ஓட்ட முடியாமல் தவித்தபோது, 2006-இல் ஒரு பழைய ரயில் பாதையை டிராம் பாதையாக மாற்றி, அந்தப் பாதையை ஒட்டிக் குடி வருகிறவர்களுக்குச் சலுகை கொடுத்தார்கள். குச்சியில் உருண்டைகளைக் கோத்த மாதிரி ஊர் இருக்க வேண்டும் என்பது அவர்கள் சொன்ன உவமை. குச்சி என்பது டிராம், உருண்டைகள் என்பவை பேட்டைகள். அவர்கள் சுருங்குகிற ஊர், நாம் பெருகுகிற ஊர். ஆனால் குச்சிகள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. ஓமலூர் ரோடு, ஆத்தூர் ரோடு, சங்ககிரி ரோடு, நாமக்கல் ரோடு. டவுன் பஸ் அந்த ரோடுகளில்தான் ஓடுகிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. உங்கள் சைட் மெயின் ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே என்கிறீர்கள். உங்கள் மனைவிக்கு அந்த இலவச பஸ் இரண்டு கிலோமீட்டர் நடந்த பிறகுதான். நீங்கள் பைக்கில் போய்விடுவீர்கள், அது வேறு.

எங்கே கட்டக்கூடாது என்பதையும் யோசிக்க வேண்டும். சேலம் ஒரு கிண்ணம். வடக்கே சேர்வராயன் மலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. மலையில் பெய்வது ஏரி ஏரியாக இறங்கித் திருமணிமுத்தாற்றுக்கு வர வேண்டும். மூக்கனேரி, அல்லிக்குட்டை, உங்கள் பக்கத்துக் குமரகிரி ஏரி எல்லாம் அந்தப் படிக்கட்டின் படிகள். ஏரியைத் தொட்டால் கேட்க ஆள் உண்டு. ஒரு ஏரிக்கும் அடுத்த ஏரிக்கும் நடுவே போகிற ஓடையைக் கேட்க நாதி இல்லை. வெயில் காலத்தில் அது வெறும் பள்ளம், லேஅவுட் போடுகிறவருக்கு அது ரெடிமேட் ரோடு. ஏற்காட்டில் பெருமழை பெய்த மறுநாள் அந்த ரோட்டில் நின்று பார்த்தால்தான் அது என்ன என்று தெரியும்.

இதற்கெல்லாம் உங்களைக் குறை சொல்லவில்லை. மாதச் சம்பளக்காரருக்குத் தங்கமும் சைட்டும்தான் சேமிப்பு. ஆனால் சைட் முதலில், ரோடு பிறகு என்கிற வரிசையை மாற்ற முடியும். குஜராத்தில் பல காலமாகச் செய்கிறார்கள். பழைய பம்பாய் மாகாணத்தின் 1915 சட்டத்திலிருந்து தொடங்கிய வழி அது. ஊருக்கு வெளியே ஒரு பகுதி விவசாயிகளின் நிலம் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, ரோடு, பள்ளி, பூங்காவுக்கு ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஒழுங்கான வடிவத்தில் அவரவருக்கே திருப்பிக் கொடுக்கிறார்கள். நிலம் குறைந்தாலும் மதிப்பு கூடுகிறது. யாரையும் துரத்தவில்லை, பச்சைச் சதுரத்தை விற்று ஓடவும் யாராலும் முடியாது. தமிழ்நாட்டிலும் இப்போது சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. ஆத்தூர் ரோட்டில் ஒரே ஓர் இடத்தில் செய்து காட்டினால்கூட எனக்குப் போதும்.

உங்கள் அட்வான்ஸ் விஷயம். வாங்காதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கொடுப்பதற்கு முன்னால் அப்ரூவல் வரைபடத்தின் நகலை வாங்கி, அதில் பூங்கா என்று இருக்கும் இடம் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்க்கவில்லை. நிலத்தின் அளவும் எல்லையும் காட்டுகிற புலப்படத்தில் ஓடை எங்கே போகிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். ஒரு நாள் உங்கள் மனைவியோடு பஸ்ஸில் போய் இறங்கி அந்த இரண்டு கிலோமீட்டரையும் நடந்து பாருங்கள், சாயங்காலம் ஆறரை மணிக்கு. அப்புறம் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

என் சைட்டை ஏன் இன்னும் வைத்திருக்கிறேன் என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். போன மாதம் விற்கப் பேசினேன். வாங்க வந்தவர் நல்ல மனிதர், விலையும் ஒத்துவந்தது. எப்போது வீடு கட்டுவீர்கள் என்று ஆசையாகக் கேட்டேன். "கட்டறதா? பாப்பா இப்பதான் யுகேஜி சார், அவ கல்யாணத்துக்கு இருக்கட்டும்னு" என்றார். கருவேலம் வெட்டுகிற ஆளின் போன் நம்பரைக் கொடுத்தேன்.