யோசெமிட்டியின் புல்வெளி – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

அமெரிக்க ஓவியர் ஆல்பர்ட் பியர்ஸ்டாட் வரைந்த, கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கு ஓவியத்தை இணையத்தில் பார்த்தேன். மனிதக் கால் படாத உலகம் என்று தோன்றியது. நண்பர் ஒருவரோ, “இது வெறும் காலண்டர் படம்” என்கிறார். இத்தகைய ஓவியங்களை எப்படிப் பார்ப்பது?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

நண்பர் சொல்வது பியர்ஸ்டாட் உயிரோடிருந்தபோதே விமர்சகர்கள் சொன்னதுதான். மலைகளை இருப்பதைவிட உயர்த்தி வரைவார், ஒளியை அள்ளிக் கொட்டுவார். ஆனால் நீங்கள் பார்த்த 1865ஆம் ஆண்டு ஓவியம் எட்டடி அகலமுள்ளது. அதைக் கைபேசித் திரையில் பார்த்துத் தீர்ப்பு சொல்வது நியாயமில்லை.

மனிதக் கால் படாத உலகம் என்று உங்களுக்குத் தோன்றியதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். படத்தில் வலப்பக்கம் எல் கேப்பிட்டன் பாறை, இடப்பக்கம் சென்டினல் பாறை, நடுவே அஸ்தமன ஒளி. ஓர் ஆள்கூட இல்லை. சரி, பாறைகளை விட்டுவிட்டுக் கீழே பாருங்கள். இத்தனை பெரிய மலைகளுக்கு நடுவே பள்ளத்தாக்கின் தரை ஏன் அடர்ந்த காடாக இல்லாமல் புல்வெளியாகத் திறந்து கிடக்கிறது?

அதைத் திறந்து வைத்திருந்தவர்கள் அங்கே வாழ்ந்த அவானிச்சி பழங்குடி மக்கள். தரைப்புதர்களுக்கு அவ்வப்போது தீ வைத்து, ஊசியிலை மரக் கன்றுகள் மண்டாமல் பார்த்துக்கொண்டார்கள். ஓக் மரங்களுக்கு வெயில் வேண்டும். ஓக் கொட்டைதான் அவர்களுக்கு முக்கிய உணவு. மாவாக இடித்து, கசப்புப் போகும்வரை தண்ணீர் ஊற்றி அலசிக் கஞ்சி காய்ச்சுவார்கள். 1851ல் மாரிபோசா என்ற தன்னார்வப் படை உள்ளே நுழைந்து அவர்களை விரட்டியது. குடிசைகளையும் சேமித்திருந்த கொட்டைகளையும் எரித்தது. பன்னிரண்டு வருடம் கழித்து, 1863ல், பியர்ஸ்டாட் அங்கே போனார். அடுத்த வருடம் லிங்கன் அந்தப் பள்ளத்தாக்கைப் பொதுமக்களுக்கான இடமாகப் பாதுகாக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

ஆக, கன்னி நிலம் என்று உலகம் வியந்தது ஆட்களை விரட்டிய தோட்டத்தை. தீ வைப்பது நின்றதும் இளமரங்கள் மண்டிப் புல்வெளியை அடைத்தன. யோசெமிட்டியின் முதல் பாதுகாவலரான கேலன் கிளார்க் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். வேலை தேடித் திரும்பி வந்து அங்கேயே வாழ்ந்த பழங்குடியினரின் கடைசிக் குடியிருப்பும் 1969ல் இடிக்கப்பட்டது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆறவில்லை.

அதற்காக ஓவியத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அந்த அழகு உண்மைதான். அதைப் பராமரித்த கைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

அப்புறம், இந்த அமெரிக்க நிலக்காட்சி ஓவிய மரபில் எனக்குப் பிடித்தவர் பியர்ஸ்டாட் இல்லை, தாமஸ் கோல். இங்கிலாந்தின் ஆலைப் பிரதேசமான லங்காஷயரில் பிறந்தவர், 1818ல் அமெரிக்கா வந்தார். காட்டைக் கோடரி தின்பதைக் கண்டு 1836ல் ஒரு கட்டுரையில் மனம் வெதும்பி எழுதினார். அதே வருடம் வரைந்த ‘ஆக்ஸ்போ’ ஓவியம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இடப்பக்கம் புயல் கடந்த காடு, முறிந்து முறுக்கேறிய மரம். வலப்பக்கம் கனெக்டிகட் ஆற்றின் வளைவு, வெயில் பட்ட வயல்கள். இரண்டுக்கும் நடுவே, கீழே பாறை இடுக்கில், தொப்பி போட்ட ஒரு சின்ன உருவம் வரைவதை நிறுத்தித் திரும்பி நம்மைப் பார்க்கிறது. அது கோல்தான். எந்தப் பக்கம் நல்லது என்று அவர் சொல்வதில்லை.

அந்த வயல்களும் குடியேறிகள் உண்டாக்கியவை மட்டுமல்ல. 1654ல் அவர்கள் நார்தாம்ப்டனில் ஊர் அமைக்கும் முன்பே அந்தக் கரையில் நானோடக் பழங்குடி மக்கள் மக்காச்சோளம் விளைவித்தார்கள். அவர்கள் கோலின் படத்திலும் இல்லை. ஆனாலும் நண்பருக்கு இதைக் காட்டுங்கள். காலண்டர் படம் என்று சொல்லமாட்டார்.