1966 மஸ்டாங்குக்குக் கடைந்தெடுத்த பின்விளக்குகள்: எதைப் பார்த்து வாங்குவது?

அலுமினியக் கட்டியிலிருந்து சிஎன்சி (கணினி இயக்கும்) இயந்திரத்தில் கடைந்த பின்விளக்குகளை 1966 ஃபோர்டு மஸ்டாங்கில் பொருத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் பொருத்தலாம். ஆனால் அந்தக் காரின் அடையாளமே பக்கத்துக்கு மூன்றாக நிற்கும் செங்குத்துக் கட்டங்கள்தான். அவற்றைக் கலைக்கும் வடிவத்தை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

பலரும் கோட்டைவிடுவது எர்த் இணைப்பில். பழைய விளக்கில் பல்பின் ஹோல்டர், விளக்குக்கூடு வழியாகக் காரின் உடலோடு இணைந்து மின்சுற்றை முடிக்கும். அலுமினியத்தை அனோடைஸ் செய்தால், அதாவது மின்வேதி முறையில் அதன் மேற்பரப்பைக் கடினமாக்கினால், மேலே படியும் ஆக்சைடு படலம் மின்சாரத்தைக் கடத்தாது. மல்டிமீட்டரின் இரு முனைகளையும் கூட்டின் மேல் வைத்துப் பாருங்கள். முள் அசையவே அசையாது. விளக்கு மங்கும், சில நேரம் எரியவே எரியாது. ஆகவே தனி எர்த் ஒயர் உள்ளதையே வாங்குங்கள்.

எல்இடி என்றால், திரும்பும் சைகை விளக்கை விட்டுவிட்டு எரியவைக்கும் பழைய ஃபிளாஷரையும் மாற்ற வேண்டும். அது பல்பு இழுக்கும் மின்னோட்டத்தில் சூடாகித் துடிப்பது. எல்இடி இழுக்கும் சொற்ப மின்னோட்டம் அதற்குப் போதாது. எலக்ட்ரானிக் ஃபிளாஷர் போதும்.

விளக்குக்கும் காரின் உடலுக்கும் இடையே ரப்பர் கேஸ்கெட் கட்டாயம் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் நேரடியாகத் தொட்டு அரிப்பு தொடங்கும், டிக்கியிலும் தண்ணீர் இறங்கும்.

புகைநிற லென்ஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். இந்தக் காரில் பிரேக்குக்கும் திரும்பும் சைகைக்கும் ஒரே சிவப்பு விளக்குதான். நண்பகல் வெயிலில் அது பின்னால் வருபவர் கண்ணில் பட்டாக வேண்டும்.